கட்டளையும் சாரதியும்: போர்மியுலா பந்தய வரலாற்றில் இரசிகரின் வழக்கு

போர்மியுலா-1 மோட்டார்ப் பந்தயம் இரு வேறு போட்டிகளை ஒரே பாதையில் ஒரே நேரத்தில் நடாத்தும் இயல்புடையது. 1950 ஆம் ஆண்டு மே மாதம் 13 ஆம் திகதி இங்கிலாந்தின் சில்வர்ஸ்டனில் தொடங்கிய உலக வெற்றியாளர் போட்டி சாரதிகளுக்கே உரியதாக இருந்தது. 1958 இல் வண்டிகளை ஆக்கும் நிறுவனங்களுக்கெனத் தனியானதொரு பட்டம் ஏற்படுத்தப்பட்டது. இதன் விளைவாக, ஓர் அணியின் இரு சாரதிகளும் நிறுவனப் பட்டத்தைப் பொறுத்தவரை தோழராகவும், சாரதிப் பட்டத்தைப் பொறுத்தவரை பகைவராகவும் நிற்கவேண்டியவராயினர். மேலும், ஏனைய அணிகளின் வண்டிகள் வேகத்தில் கூடியும் குறைந்தும் இருக்க, ஒரே வகையான வண்டியைச் செலுத்துபவன் தோழன் ஒருவனே. ஆதலால் ஒரு சாரதியின் திறமையை அளக்கும் மெய்யான அளவுகோல் அவனது தோழனே ஆவான். தோழனை வெல்லாதவன் எவரை வென்றும் பயனில்லை. தோழனோடு மோதுபவனோ அணியின் உழைப்பு முழுவதையும் பாழாக்கிவிடுகின்றான். இம்முரண்பாட்டிலிருந்தே அணிக்கட்டளை என்னும் வழக்கம் பிறந்தது.

முன்னே செல்லும் சாரதியை வழிவிடுமாறோ, பின்னே வருபவனை முந்தாதிருக்குமாறோ அணித் தலைமை பணிப்பதே அணிக்கட்டளை எனப்படும். அக்கட்டளைக்குப் பணிவது கடமையா, மீறுவது வீரமா என்ற வினா இப்பந்தயத்தின் இரசிகர்களை எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரித்து வைத்துள்ளது.

இரசிகர் கட்சி பிரிந்து வாதாடுதல் மட்டக்களப்புத் தமிழகத்துக்குப் புதியதன்று. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டில் ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரண்டாகி, கோவலன் பக்கமும் கண்ணகி பக்கமுமாக நின்று ஒருவரையொருவர் பாட்டால் வசைபாடும் மரபு இருந்தது. அங்கு யார் எச்சேரி என்பதில் ஐயமில்லை. ஒரு கொம்பு முறிந்தால் மறு கொம்பு வென்றது, அவ்வளவே. போர்மியுலா பந்தயத்திலோ ஒரே சேரிக்குள் இரு கொம்புகள் பிணைக்கப்பட்டுள்ளன. எனவே, வினாயகபுரத்திலும் கல்முனையிலும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து பந்தயம் பார்க்கும் ஓர் இளைஞனுக்கும், மிலானில் கொடி பிடிக்கும் பெராரி இரசிகனுக்கும் எழும் ஐயம் ஒன்றே: இன்று தான் கண்டது பந்தயமா, அல்லது முன்னரே தீர்மானிக்கப்பட்ட காட்சியா?

இவ்வழக்கின் வரலாற்றை முதன்மையான சில நிகழ்ச்சிகளின் வாயிலாக ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். விட்டுக்கொடுத்தலை இரசிகர் ஒருபோதும் குற்றமாகக் கொண்டதில்லை என்பதும், தம்மிடமிருந்து மறைக்கப்பட்டதையும் தம்மை ஒரு பொருட்டாக மதியாததையுமே அவர்கள் குற்றமாகக் கண்டனர் என்பதும் இவ்வாராய்ச்சியால் புலப்படும். இவ்வரலாற்றின் இரு முக்கிய கட்டங்களில் கோயம்புத்தூரைச் சேர்ந்த தமிழ்ச் சாரதி ஒருவரின் பெயரும் இடம்பெறுகின்றது. அது தமிழ் வாசகரின் தனிக் கவனத்துக்குரியது.

விட்டுக்கொடுத்தல் போற்றப்பட்ட காலம்

1956 ஆம் ஆண்டு செப்டெம்பர் 2 ஆம் திகதி இத்தாலியின் மொன்சாவில் அவ்வாண்டின் இறுதிப் பந்தயம் நடைபெற்றது. பெராரி அணியின் தலைமைச் சாரதியான ஆர்ஜென்டீன நாட்டவர் ஹுவான் மனுவேல் பங்கியோவின் வண்டி பழுதடைந்து நின்றது. அக்கால விதிகளின்படி ஒருவரது வண்டியை மற்றொருவர் பெற்று ஓட்டலாம்; கிடைக்கும் புள்ளிகள் பங்கிடப்படும். அணியின் மற்றொரு சாரதியான இத்தாலியர் லூயிஜி மூசோ தமது வண்டியைக் கொடுக்க இசையவில்லை. ஆங்கிலேயரான பீட்டர் கொலின்சோ, தமக்கும் பட்டம் வெல்லும் வாய்ப்பு எஞ்சியிருந்தும், தாமாகவே இறங்கி வண்டியைப் பங்கியோவிடம் ஒப்படைத்தார். பங்கியோ இரண்டாமிடம் பெற்று நான்காவது முறையாக உலக வெற்றியாளரானார். கொலின்ஸ் 1958 ஆகஸ்டில் யேர்மனியின் நூர்பேர்க்ரிங் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி உயிரிழந்தார். உலகப் பட்டம் அவருக்குக் கிட்டவேயில்லை.

அன்றைய இரசிகர் கொலின்சைப் போற்றினர். ஆயினும் மூசோவைத் தூற்றினரல்லர். ஒருவர் கொடுத்ததும் மற்றவர் மறுத்ததும் அனைவரும் காண நிகழ்ந்தன. கொடுப்பதும் மறுப்பதும் சாரதியின் உரிமையாகவே கொள்ளப்பட்டன என்பது இங்கு கருதத்தக்கது.

இரண்டாண்டுகளின் பின்னர் நிகழ்ந்தது இதனினும் சிறப்புடையது. 1958 ஆகஸ்ட் 24 இல் போர்த்துக்கல் நாட்டின் போர்ட்டோ நகரத் தெருக்களில் நடந்த பந்தயத்தில் மைக் ஹோதோர்ன் வண்டி நின்றுவிட, அதனை எதிர்த்திசையில் உருட்டி மீள இயக்கினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். நடுவர் அவரை நீக்க முற்பட்டபோது, பட்டத்துக்கு அவரோடு போட்டியிட்ட ஸ்டேர்லிங் மொஸ் தாமே முன்வந்து, வண்டி பந்தயப் பாதையில் அன்றி நடைபாதையிலேயே உருட்டப்பட்டது எனச் சாட்சி கூறினார். ஹோதோர்னின் புள்ளிகள் காப்பாற்றப்பட்டன. ஆண்டின் முடிவில் ஹோதோர்ன் 42 புள்ளிகளும் மொஸ் 41 புள்ளிகளும் பெற்றனர். நான்கு பந்தயங்களை வென்ற மொஸ், ஒரேயொரு பந்தயத்தை வென்றவரிடம் ஒரு புள்ளியால் பட்டத்தை இழந்தார். அவர் தம் வாழ்நாளில் உலக வெற்றியாளர் ஆகவேயில்லை. ஆயினும் பட்டம் பெற்ற பலரினும் மேலாக அவர் பெயர் நினைவுகூரப்படுகின்றது. சாரதியின் ஒழுக்கத்துக்கு விதிநூலுக்குப் புறம்பானதோர் அளவுகோலை இரசிகர் வைத்திருந்தனர் என்பதற்கு இது சான்றாகும்.

நம்பிக்கை முறிந்த இடம்

வணிக நிறுவனங்களின் பணமும் தொலைக்காட்சியும் பெருகிய பின்னர் அணிகள் பேராலைகளைப் போன்று இயங்கலாயின. கட்டளைகளும் பெருகின, அவற்றின் பொருள்பற்றிய பிணக்குகளும் பெருகின. 1982 ஏப்ரல் 25 இல் இத்தாலியின் இமோலாவில் பெராரி வண்டிகள் இரண்டும் முன்னணியில் சென்றபோது, வேகத்தைத் தணிக்குமாறு அணி அறிவிப்புப் பலகை காட்டிற்று. இருந்த ஒழுங்கிலேயே முடிப்பதென்பது அதன் பொருள் என்று கனடிய நாட்டவரான ஜில் வில்நெவ் கருதினார். தோழரான டிடியே பிறோனி அவ்வாறு கருதாது இறுதிச் சுற்றில் முந்திச் சென்று வென்றார். இனிப் பிறோனியோடு பேசுவதில்லை என்று வில்நெவ் உறுதிபூண்டார். பதின்மூன்று நாள்களின் பின், மே 8 ஆம் திகதி, பெல்ஜியத்தின் சோல்டரில் தகுதிகாண் ஓட்டத்தின்போது விபத்தில் அவர் உயிர்துறந்தார்.

கட்டளை இருந்ததா, இல்லையா என்பதே இன்றுவரை வாதத்துக்குரியதாக உள்ளது. ஒரு பலகையில் எழுதப்பட்ட ஒரு சொல்லை இருவர் இருவிதமாகப் படித்தனர். தெளிவற்ற கட்டளை, கட்டளையின்மையினும் கேடானது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

ஒஸ்திரியாவும் அதன் பின்னரும்

இரசிகரின் சினம் வெளிப்படையாக வெடித்தது 2002 மே 12 ஆம் திகதி ஒஸ்திரியப் பந்தயத்திலாகும். தொடக்கம் முதல் முன்னணியில் நின்ற பிறேசில் நாட்டவர் ரூபன்ஸ் பரிக்கெல்லோ, பெராரி அணியின் கட்டளைப்படி, முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னர் வேகத்தைக் குறைத்து மைக்கேல் ஷூமாக்கருக்கு வழிவிட்டார். பதினேழு பந்தயங்களில் அது ஆறாவதே. ஷூமாக்கர் புள்ளிகளில் ஏற்கெனவே பெரிதும் முன்னின்றார். எனவே தேவை என்னும் நியாயமும் அணிக்கு இருக்கவில்லை. கூடியிருந்த மக்கள் கூக்குரலிட்டு இகழ்ந்தனர். கூச்சமடைந்த ஷூமாக்கர் பரிசு மேடையின் உயர்ந்த படியில் பரிக்கெல்லோவை ஏற்றினார். சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனம் பெராரிக்குப் பத்து இலட்சம் டொலர் தண்டம் விதித்தது; அதிற் பாதி ஒத்திவைக்கப்பட்டது. எனினும் அத்தண்டம் கட்டளைக்காக விதிக்கப்பட்டதன்று. மேடை ஒழுங்கைக் குலைத்தமைக்காகவே விதிக்கப்பட்டது. ஏனெனில் கட்டளையைத் தடுக்கும் தெளிவான விதி அன்று இருக்கவில்லை. மக்கள் ஒரு குற்றத்தைக் கண்டனர். சம்மேளனம் வேறொரு குற்றத்தைத் தண்டித்தது.

2003 முதல் பந்தய முடிவைப் பாதிக்கும் அணிக்கட்டளைகள் தடைசெய்யப்பட்டன. தடையின் விளைவு யாது? கட்டளைகள் ஒழியவில்லை, மறைமொழிக்குள் புகுந்தன. 2010 ஜூலை 25 இல் யேர்மனியின் ஹொக்கன்ஹைமில் முன்னணியில் இருந்த பெலிப்பே மாசாவுக்கு, பின்னே வரும் பெர்னாண்டோ அலொன்சோ உன்னைவிட வேகமானவர் என்ற தகவல் வானொலி வழியே நிறுத்தி நிதானமாகக் கூறப்பட்டது. அது தகவல், கட்டளையன்று. மாசா வழிவிட்டார். சரியாக ஓராண்டுக்கு முன் அதே திகதியில் ஹங்கேரியில் தலையிற் படுகாயமுற்று மீண்டவர் அவர். பெராரிக்கு 1 இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. ஆனால் முடிவு மாற்றப்படவில்லை. 2011 முதல் அத்தடையே நீக்கப்பட்டது.

மறைவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 2008 செப்டெம்பர் 28 ஆம் திகதிச் சிங்கப்பூர்ப் பந்தயம் உதாரணமாகும். ரெனோல்ட் அணியின் இளஞ்சாரதி நெல்சன் பிக்கே, அணித் தலைமையின் திட்டப்படி வேண்டுமென்றே சுவரில் மோதினார். அதனால் ஏற்பட்ட இடைநிறுத்தத்தால் பயன்பெற்று அவரது தோழர் அலொன்சோ வென்றார். அலொன்சோ இச்சதியை அறிந்திருக்கவில்லை என்று விசாரணையில் கொள்ளப்பட்டது. உண்மை வெளிவந்தது மறு ஆண்டிலேயே. இங்கு ஒரு சாரதியின் உயிரே கட்டளைக்குப் பணயமாயிற்று.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயச் சடங்குகளின் வழியே பாரதக் கதையில் ஊறிய இக்கரையோர மக்களுக்குச் சல்லியனின் நினைவு ஈண்டு எழுதல் இயல்பே. கர்ணனுக்குத் தேரோட்ட இசைந்த சல்லியன், அவனது ஊக்கத்தைக் குலைப்பதாகத் தருமனுக்கு முன்னரே வாக்களித்திருந்தான். தேரோட்டியாய் அமர்ந்தது அவன் பழியன்று. அவன் யாருக்காக ஓட்டுகின்றான் என்பது தேரில் நின்றவனுக்குத் தெரியாதிருந்ததே பழியாகும்.

கோயம்புத்தூர்ச் சாரதி

தமிழகத்தின் மோட்டார்ப் பந்தய மரபு பழையது. 1953 இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடாத்தி வந்தது. 1990 இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பாதை அமைந்தது. இலங்கையில் 1934 முதல் நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் அறியப்பட்டதாயினும், அங்கு வண்டிகள் ஒவ்வொன்றாக நேரத்தை எதிர்த்தே ஓடுவதால் வழிவிடும் பிரச்சினைக்கு இடமில்லை. சோழவர மரபு வளர்ந்த தமிழகத்திலிருந்து 2005 இல் ஜோர்டன் அணியின் சாரதியாகப் போர்மியுலா-1 இல் நுழைந்த முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் ஆவார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தொக் 2010 இல் அவரைத் தொடர்ந்தார்.

2005 ஜூன் 19 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் பந்தயத்தில் மிச்செலின் டயர்கள் அப்பாதையின் வேகமான வளைவைத் தாங்கமாட்டா என்று கண்டறியப்பட்டது. வளைவை மாற்றியமைக்கும் யோசனை ஏற்கப்படவில்லை. ஏழு அணிகளின் 14 வண்டிகள் முன்னோடிச் சுற்றை முடித்தவுடன் தத்தம் கொட்டகைகளுக்குத் திரும்பிவிட்டன. ஆறு வண்டிகளே ஓடின. பணங்கொடுத்து வந்த மக்கள் இகழ்ந்து கூச்சலிட்டனர். போத்தல்களைப் பாதையில் எறிந்தனர். அப்பந்தயத்தில் நான்காமிடம் பெற்ற கார்த்திகேயனுக்கு 5 புள்ளிகள் கிடைத்தன. அவரது போர்மியுலா-1 வாழ்வில் கிடைத்த புள்ளிகள் அவை மட்டுமே.

தமிழ் இரசிகனுக்கு இது சங்கடமான பெருமை. தன்னவன் பெற்ற ஒரே பரிசு, உலக இரசிகர் தாம் ஏமாற்றப்பட்டோம் என்று கொதித்த நாளிற் கிடைத்தது. ஆயினும் கார்த்திகேயனின் நடத்தையில் குறை காண்பதற்கில்லை. ஓடுவதற்காக வந்தவர், ஓடினார். திரும்பிச் சென்ற சாரதிகளும் அணியின் பணிப்புக்கும் உயிர்ப் பாதுகாப்புக்கும் கட்டுப்பட்டனரேயன்றி வேறில்லை. மக்களின் சினம் சாரதிகளை நோக்கியதன்று. தம்மை எண்ணாது ஒருவருக்கொருவர் விட்டுக்கொடாத சம்மேளனத்தையும் அணிகளையும் நிறுவனத்தையும் நோக்கியதாகும். பின்னர் மிச்செலின் நிறுவனம் நுழைவுச்சீட்டுப் பணத்தைத் திருப்பியளிக்க முன்வந்தமை அச்சினத்தின் நியாயத்தை ஏற்றுக்கொண்டதற்கு ஒப்பாகும்.

செப்பாங்கின் இரு பந்தயங்கள்

மலேசியாவின் செப்பாங் பந்தயப் பாதை தமிழர் செறிந்து வாழும் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ளது. 2012 மார்ச் 25 இல் அங்கு பெருமழைக்கிடையே நடந்த பந்தயத்தில், கடைசி வரிசையிலிருந்து புறப்பட்ட கார்த்திகேயன் மழை டயர்களின் உதவியால் 10 ஆம் இடம்வரை முன்னேறியிருந்தார். மழை தணிந்த பின் ஜென்சன் பட்டன் அவரோடு மோதினார். அது தமது தவறே என்று பட்டன் ஒப்புக்கொண்டார். பந்தயத்தின் பிற்பகுதியில் கார்த்திகேயனைச் சுற்றால் முந்திச் சென்ற செபஸ்தியன் வெட்டலின் வண்டி உரசிச் சில்லுப் பழுதுற்று, புள்ளி பெறும் நிலையிலிருந்து 11 ஆம் இடத்துக்கு வீழ்ந்தது. அன்றைய உலக வெற்றியாளரான வெட்டல், தெருவிற் போலவே இங்கும் முட்டாள்கள் உளர் என்னும் கருத்துப்படப் பேசியதோடு, வெள்ளரிக்காய் என்றும் ஏளனஞ் செய்தார். வெட்டல் அழுகுணிப் பிள்ளையைப் போல நடந்துகொள்கின்றார் என்று கார்த்திகேயன் பதிலுரைத்தார். நடுவர்கள் கார்த்திகேயன்மீது 20 வினாடித் தண்டனை விதித்தனர். தீர்ப்பை ஏற்றவரும் ஏற்காதவருமாக இரசிகர் பிரிந்தனர்.

மெதுவான அணியின் சாரதிக்கு வழிவிடுதல் என்றும் உள்ள கடமையாகும். நீலக்கொடி அசைந்தால் விலகவேண்டும். பந்தயம் முழுவதும் அவன் பிறருக்குக் கட்டுப்பட்டவன். பெரிய அணிச் சாரதியோ வழிவிடுவதை ஆண்டில் ஓரிரு முறையே எதிர்கொள்கின்றான். அவ்வாறு எதிர்கொண்டபோது அவன் செய்தது யாது?

இதற்கான விடை அதே செப்பாங்கில் மறு ஆண்டிலேயே கிடைத்தது. 2013 மார்ச் 24 இல் ரெட்புல் அணியின் மார்க் வெபர் முன்னிலும் வெட்டல் பின்னிலும் சென்றனர். இரண்டாம் இலக்க வண்டி முன்னும் முதலாம் இலக்க வண்டி பின்னுமாக முடிக்கவேண்டும் என்பது அணியின் மறைமொழிக் கட்டளை. வெபர் அதனை நம்பித் தம் இயந்திரத்தின் விசையைத் தணித்தார். வெட்டல் கட்டளையை மீறி முந்திச் சென்று வென்றார். அன்று மன்னிப்புக் கோரிய அவர், மூன்று வாரங்களின் பின் சீனாவில், மீண்டும் அவ்வாறே செய்திருக்கக்கூடும் என்றும் வெபர் அவ்வெற்றிக்குத் தகுதியுடையவரல்லர் என்றும் கூறினார். முதலாண்டில் பின்வரிசைச் சாரதி தமக்குச் சரியாக வழிவிடவில்லை என்று கொதித்தவர், மறு ஆண்டில் தம் அணி கேட்ட ஒழுங்கை மதித்தாரல்லர்.

அதே பந்தயத்தில் மெர்சிடிஸ் அணியின் நிக்கோ ரொஸ்பேர்க், தாம் வேகமாயிருந்தும், லூயிஸ் ஹமில்டனை முந்தலாகாது என்ற கட்டளைக்குப் பணிந்து நான்காவதாக முடித்தார். மூன்றாமிடத்துக்கு உரியவர் ரொஸ்பேர்க்கே என்று ஹமில்டன் அன்றே வெளிப்படையாகக் கூறினார். பணிந்தவரையும் மீறியவரையும் ஒரே நாளில் ஒருங்கே கண்ட இரசிகர் இரு அணியாக வாதாடினர். பந்தயம் என்பது முந்துவதற்கே, வெட்டல் மெய்யான போராளி என்றனர் ஒரு சாரார். வெபரும் 2011 இல் சில்வர்ஸ்டனில் இத்தகைய கட்டளையை மதியாதவரே என்பதை அவர்கள் சுட்டிக்காட்டினர். விசையைத் தணித்த தோழனை முந்துவது வீரமாகாது என்றனர் மறு சாரார்.

இவ்விரு வாதங்களையும் சீர்தூக்கின், வேறுபாடு ஒன்று தெளிவாகின்றது. சில்வர்ஸ்டனில் வெபர் கட்டளையை மீறியபோது முன்னே சென்ற வெட்டல் முழு விசையோடு தம்மைக் காத்துக்கொள்ளும் நிலையில் இருந்தார். செப்பாங்கில் வெபர் கட்டளையை நம்பிப் படைக்கலத்தைத் தாழ்த்தியிருந்தார். முன்னது போட்டி, பின்னது நம்பிக்கையின்மீது பெற்ற வெற்றி. அவ்வாண்டு மொன்சாவிலும் சிங்கப்பூரிலும் பரிசு மேடையில் நின்ற வெட்டலை மக்கள் இகழ்ந்து கூவினர். எனினும் ஒக்டோபர் 27 இல் டெல்லியை அடுத்த புத்த சர்வதேசப் பாதையில் அவர் நான்காவது பட்டத்தை வென்று, வண்டியைச் சுழற்றி, அதன் முன் பணிந்து வணங்கியபோது இந்திய இரசிகர் ஆரவாரித்து வரவேற்றனர். இரசிகரின் தீர்ப்புக் கடுமையானதாயினும் நிரந்தரமானதன்று; மன்னிக்கவும் அறிந்தது.

முடிவுரை

அண்மைக்காலத்தில் அணிகளின் வானொலி உரையாடல்கள் தொலைக்காட்சியில் ஒலிபரப்பாகின்றன. 2024 ஜூலை 21 இல் ஹங்கேரியில் மக்லரன் அணியின் லாண்டோ நொரிஸ் முதலிடத்தைத் தோழர் ஒஸ்கார் பியாஸ்திரிக்குத் திருப்பிக் கொடுக்குமாறு பல சுற்றுகளாக வேண்டப்பட்டதையும், அவர் தயங்கியதையும், இறுதியில் கொடுத்ததையும் உலகம் முழுவதும் கேட்டது. 2025 செப்டெம்பர் 7 இல் மொன்சாவில் இது தலைகீழாக நிகழ்ந்தது. சில்லு மாற்றுவதில் ஏற்பட்ட தாமதத்தால் நொரிஸ் இழந்த இரண்டாமிடத்தை, தாமும் பட்டத்துக்குப் போட்டியிட்ட பியாஸ்திரி திருப்பிக் கொடுத்தார். அதனால் நொரிசுக்குக் கூடுதலாகக் கிடைத்தவை 3 புள்ளிகள். ஆண்டிறுதியில் மக்ஸ் வெர்ஸ்தாப்பனை அவர் வென்று உலகப் பட்டம் பெற்றது 2 புள்ளி வித்தியாசத்தில். மொஸ் ஒரு புள்ளியால் இழந்ததை இது நினைவூட்டுகின்றது.

இவை பற்றியும் இரசிகர் கடுமையாக வாதாடினர். ஆயினும் ஒஸ்திரியாவில் எழுந்தது போன்ற வெறுப்பு எழவில்லை. காரணம் வெளிப்படை. கட்டளை கேட்கப்பட்டது, காரணம் கூறப்பட்டது, சாரதியின் மனவேதனையும் மறைக்கப்படவில்லை. இரசிகன் ஏமாற்றப்பட்டவனாக அன்றி வழக்கைக் கேட்கும் அவையினனாக அமர்த்தப்பட்டான்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், எட்டாண்டுகள் நடைமுறையிலிருந்த தடைவிதி சாதிக்காததை வெளிப்படைத்தன்மை ஓரளவு சாதித்துள்ளது எனலாம். கொலின்ஸ் கொடுத்ததும் மூசோ மறுத்ததும் ஒருங்கே மதிக்கப்பட்டமைக்கும், மாசா பணிந்தது இழிவாகக் கருதப்பட்டமைக்கும் காரணம் சாரதிகளின் குணவேறுபாடன்று. முன்னது மக்கள் முன்னிலையில் நிகழ்ந்தது. பின்னது மக்களுக்குப் புரியலாகாது என்ற எண்ணத்தோடு நிகழ்ந்தது. கூட்டாக உழைக்கும் இடமெங்கும் ஒருவர் மற்றொருவருக்கு வழிவிடவேண்டிய நேரம் வரும். அவ்வேளையில் வழிவிடுபவனின் பெயரும் அவன் இழந்ததும் அவையறியச் சொல்லப்படுதல் வேண்டும். அவ்வாறு சொல்லப்படாதவிடத்துத் தியாகம் அடிமைத்தனமாகவும், வெற்றி களவாகவும் காணப்படும். இரசிகர் வழக்கின் எழுபதாண்டு வரலாறு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.